பஸே ஸேம்ப்ல்: பிரெஞ்சு நூல்களில் மட்டும் வாழும் இறந்தகாலம்

பாண்டிச்சேரியின் வரலாற்றைப் பிரெஞ்சில் படிக்கலாம் என்று ஒரு நூலைத் திறக்கிறீர்கள். அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளே 1697-இல் லாந்த்ரெஸி என்ற ஊரில் பிறந்தார் என்பது முதல் வாக்கியம். ‘பிறந்தார்’ என்பதற்கு வகுப்பில் கற்ற ‘எ நே’ அங்கே இல்லை. ‘நாக்கி’ என்று ஏதோ இருக்கிறது. அடுத்த வரியில் ‘தெவேன்’, அதற்கடுத்து ‘ப்ரீர்’, கடைசியில் ‘மூர்யூ’. அகராதியில் அப்படியே தேடினால் ஒன்றும் அகப்படாது. இரண்டு ஆண்டு பிரெஞ்சு படித்தவர்கூட இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவது வழக்கம். அந்த நான்கும் பஸே ஸேம்ப்ல் என்ற ஒரே காலத்தின் வடிவங்கள்.

இதை ஆறு இடங்களுக்கும் நூறு வினைகளுக்கும் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொரு வினைக்கும் படர்க்கை ஒருமை வடிவம் ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். மற்ற ஐந்தும் அதிலிருந்து தாமாக வந்துவிடும். இக்கட்டுரை அந்த வழியில் செல்கிறது. பஸே கொம்போஸே (துணைவினையோடு வருவது), எம்பார்ஃபே (நடந்துகொண்டிருந்ததைச் சொல்வது) ஆகிய இரண்டு இறந்தகாலங்களும் உங்களுக்கு ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு குறிப்பு: எழுத்தும் ஒலியும்

பிரெஞ்சு விகுதிகளில் பாதி எழுத்து வாயில் வராது, கண்ணுக்கு மட்டுமே. அதனால் ஒலியைத் தனியாகவும் எழுத்தைத் தனியாகவும் கீழே தருகிறோம். எழுத்துகளை நாம் ஆங்கிலத்தில் சொல்லும் பெயராலேயே குறித்திருக்கிறோம்: ஏ, இ, ஐ, எம், என், ஆர், எஸ், டி, யூ. எழுத்துக்கு மேலே கூரைபோல் நிற்கும் குறியைத் தொப்பி என்கிறோம். வலப்பக்கம் இறங்கும் கோடு சாய்கோடு. ‘யூ’ என்று எழுதியிருக்கும் பிரெஞ்சு ஒலி நம் யூ அன்று. ‘ஈ’ சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் ‘ஊ’வுக்குக் குவித்தால் வருவது. ‘ஏன்’ என்று முடியும் இடங்களில் ன் முழுதாக ஒலிக்காது, மூக்கோடு நின்றுவிடும்.

யார், எங்கே பயன்படுத்துகிறார்கள்

பேச்சில் இது இல்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் நேற்று சந்தைக்குப் போனதைப் பஸே ஸேம்ப்லில் சொல்லமாட்டார். கடிதம், மின்னஞ்சல், நேர்முகத் தேர்வு எதிலும் வராது. நாவல், சிறுகதை, நாட்டுப்புறக் கதை, வாழ்க்கை வரலாறு, வரலாற்று நூல் ஆகியவையே இதன் வீடு. பத்திரிகைக் கட்டுரைகளிலும் சில சமயம் தலைகாட்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1660-இல் வெளிவந்த போர் ரொயால் இலக்கணம், இந்தக் காலம் பேசும் நாளுக்குக் குறைந்தது ஒரு நாளாவது முந்தைய செயலுக்கே உரியது என்று விதி சொல்கிறது. இன்று காலை நடந்ததற்கு ஒன்று, நேற்று நடந்ததற்கு இன்னொன்று என்ற வேறுபாடு அன்றைக்கு இருந்தது. பிறகு பஸே கொம்போஸே பேச்சு முழுவதையும் எடுத்துக்கொண்டது. 1959-இல் மொழியியலாளர் எமீல் பென்வெனிஸ்த் இதை வேறு விதமாக வகுத்தார்: பேசுபவர் தன்னையும் தன் ‘இப்போது’வையும் விலக்கிவிட்டு, நிகழ்ச்சி தானே தன்னைச் சொல்வதுபோல் எழுதும் முறைக்கு உரியது பஸே ஸேம்ப்ல், ‘நான்’ ‘நீ’ என்று பேசும் முறைக்கு உரியது பஸே கொம்போஸே. காலையா நேற்றா என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இன்றைய வாசகருக்கு இந்த விளக்கமே உதவும்.

‘வந்துச்சு’ என்று பேசி ‘வந்தது’ என்று எழுதுகிற தமிழருக்கு, பேச்சுக்கு ஒன்று எழுத்துக்கு ஒன்று என்பது புதிதல்ல. ஆனால் நம்மிடம் அது ஒரே காலத்தின் இரண்டு உருவம். பிரெஞ்சில் இரண்டும் வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு அமைப்பு. எழுத்து என்பதாலேயே எல்லா எழுத்திலும் பஸே ஸேம்ப்லைப் போடக்கூடாது.

முதல் படி: நான்கு ஈறுகள்

படர்க்கை ஒருமையில் எந்தப் பிரெஞ்சு வினையும் பின்வரும் நான்கில் ஒன்றில்தான் முடியும்.

ஏ வகை: விகுதி வெறும் ஏ, ஒலி ‘ஆ’. பார்லே (பேசு) என்பது பார்லா ஆகும்.
ஐ வகை: விகுதி ஐ-டி, ஒலி ‘ஈ’. ஃபினீர் (முடி) என்பது ஃபினி ஆகும்.
யூ வகை: விகுதி யூ-டி, ஒலி ‘யூ’. லீர் (படி) என்பது ல்யூ ஆகும்.
ஐ-என் வகை: விகுதி ஐ-என்-டி, ஒலி ‘ஏன்’. வெனீர் (வா) என்பது வேன் ஆகும்.

ஏ வகையில் டி கிடையாது. மற்ற மூன்றிலும் டி உண்டு, ஆனால் ஒலிக்காது. எழுதும்போது அதை விடுவதும், பார்லா என்பதற்குப் பின் டி சேர்ப்பதும் புதியவர்கள் செய்யும் முதல் பிழைகள்.

இரண்டாம் படி: ஒன்றிலிருந்து மற்ற ஐந்து

ஐ, யூ, ஐ-என் ஆகிய மூன்று வகைகளுக்கும் ஒரே சூத்திரம். படர்க்கை ஒருமையின் கடைசி டியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில்,

தன்மை ஒருமைக்கும் முன்னிலை ஒருமைக்கும்: எஸ்.
தன்மைப் பன்மைக்கு: உயிரெழுத்தின்மேல் தொப்பி வைத்து எம்-இ-எஸ்.
முன்னிலைப் பன்மைக்கு: தொப்பி வைத்து டி-இ-எஸ்.
படர்க்கைப் பன்மைக்கு: தொப்பி இல்லாமல் ஆர்-இ-என்-டி.

எத்ர் (இரு) என்ற வினையில் பொருத்திப் பாருங்கள். படர்க்கை ஒருமை ஃப்யூ. ‘ஜெ ஃப்யூ’, ‘த்யூ ஃப்யூ’ இரண்டும் எஸ் கொண்டவை. ‘இல் ஃப்யூ’ டி கொண்டது. ‘நூ ஃப்யூம்’, ‘வூ ஃப்யூத்’ இரண்டிலும் தொப்பி. ‘இல் ஃப்யூர்’ தொப்பியற்றது. வெனீர் வினைக்கு: வேன், வேன், வேன், வேன்ம், வேன்த், வேன்ர். இங்கே தொப்பி ஐ எழுத்தின்மேல் வரும், என் எழுத்தின்மேல் அல்ல.

காதுக்கான விதி இன்னும் எளிது. இம்மூன்று வகைகளிலும் படர்க்கைப் பன்மை என்றால் ஒருமையின் ஒலியோடு ஒரு ‘ர்’. ப்ரி (எடுத்தான்) ப்ரீர் ஆகும், வூல்யூ (விரும்பினான்) வூல்யூர் ஆகும்.

ஏ வகை மட்டும் வேறு. அதன் ஆறு விகுதிகள்: ஏ-ஐ, ஏ-எஸ், ஏ, தொப்பி ஏ-எம்-இ-எஸ், தொப்பி ஏ-டி-இ-எஸ், பிறகு சாய்கோட்டு இ-ஆர்-இ-என்-டி. ஒலி: பார்லே, பார்லா, பார்லா, பார்லாம், பார்லாத், பார்லேர். கடைசியில் ஆ ஒலி ஏ ஆக மாறுவதைக் கவனியுங்கள். ‘பார்லார்’ என்று ஒரு வடிவம் கிடையாது. மற்ற மூன்று வகைகளைப் பார்த்துப் பழகியவர் இங்கே தவறுவது சகஜம்.

ஆறையும் ஒரே அளவு பழகவும் வேண்டாம். கதை என்றாலே அவன், அவள், அவர்கள். 2016 முதல் நடைமுறைக்கு வந்த பிரான்ஸின் தொடக்கநிலைப் பாடத்திட்டம்கூட இந்தக் காலத்தில் படர்க்கை ஒருமையையும் பன்மையையும்தான் மாணவரிடம் கேட்டது. அடுத்த இடம் தன்மை ஒருமைக்கு, ‘நான்’ சொல்லும் நாவல்களுக்காக. நூ, வூ வடிவங்களைப் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும். நவீன எழுத்தில் அவை அரிது, பழைய வாசனை வீசும்.

தொப்பியைப் பற்றி ஒரு வரி. முன்னிலைப் பன்மையில் ஒருகாலத்தில் எஸ் ஒலித்தது. அது மறைந்த இடத்தின் நினைவுதான் இக்குறி. தன்மைப் பன்மைக்கு அது பக்கத்து வடிவத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. 1990-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் ஐ, யூ எழுத்துகளிலிருந்து பல தொப்பிகளை நீக்கியபோதும் இந்த விகுதிகளின் தொப்பியைத் தொடவில்லை.

ஏ வகை: பத்தில் ஒன்பது வினைகள்

பெயர்நிலை (அகராதியில் காணும் வடிவம்) இ-ஆர் என்று முடியும் வினைகள் அனைத்தும் விதிவிலக்கின்றி இங்கே. நிகழ்காலத்தில் தாறுமாறாக ஓடும் ஆலே (போ) கூட இங்கே ஒழுங்கானது: ஆலா, ஆலேர். நிகழ்காலத்தில் எழுத்து இரட்டிக்கும் வினைகளும் அடங்கிவிடும். ஆப்லே (கூப்பிடு) நிகழ்காலத்தில் இரண்டு எல் எடுக்கும், இங்கே ஆப்லா என்று ஒரே எல்தான். ழெத்தே (எறி) என்பதும் அப்படியே, ஒரே டி.

கவனிக்க வேண்டியவை இரண்டே குழுக்கள். மான்ஜே (சாப்பிடு) போல ஜி எழுத்துக்குப் பின் இ-ஆர் வரும் வினைகளில், விகுதி ஏ எழுத்தில் தொடங்கினால் ஜி-க்குப் பின் ஓர் இ-யைக் காப்பாற்ற வேண்டும். இல்லையென்றால் ஜி எழுத்து ‘க’ என்று கடினமாகிவிடும். மான்ஜா என்பதில் இ உண்டு. மான்ஜேர் என்பதில் விகுதியே இ-யில் தொடங்குவதால் கூடுதல் இ கிடையாது. கொமான்ஸே (தொடங்கு) போன்றவற்றில் இதே வேலையை சி எழுத்தின் அடியில் வைக்கும் வால் செய்கிறது: கொமான்ஸா என்பதில் வால் உண்டு, கொமான்ஸேர் என்பதில் இல்லை. பன்மையிலும் பழக்கதோஷத்தில் இ-யையும் வாலையும் போட்டுவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை.

தன்மை ஒருமையில் இன்னொரு பள்ளம். ‘நான் பேசினேன்’ என்பதன் விகுதி ஏ-ஐ. ‘நான் பேசிக்கொண்டிருந்தேன்’ என்ற எம்பார்ஃபேயின் விகுதி ஏ-ஐ-எஸ். ஓர் எஸ்தான் வேறுபாடு. முதலாவதை உதடு குறுக்கி ‘ஏ’ என்றும், இரண்டாவதை வாய் திறந்து ‘எ’ என்றும் சொல்வது மரபு. பிரெஞ்சுக்காரர் பலர் இரண்டையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். எனவே காதை நம்பி எழுதாதீர்கள். அதே வாக்கியத்தை ‘அவன்’ என்று மாற்றிப் பாருங்கள். அப்போது ‘பார்லா’ பொருந்தினால் எஸ் வேண்டாம்.

மற்ற மூன்று வகைகள்: எது எங்கே?

உழைப்பு தேவைப்படும் இடம் இதுதான். பஸே கொம்போஸேயில் துணைவினைக்குப் பின் வரும் எச்ச வடிவம் உங்களுக்குத் தெரியும் அல்லவா, அதைக் கைவிளக்காகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எச்சம் ‘ஈ’ ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் ஐ வகை. ஃபினி, பார்த்தி (புறப்பட்டான்), தொர்மி (தூங்கினான்), மி (வைத்தான்), ப்ரி (எடுத்தான்), தி (சொன்னான்).

எச்சம் ‘யூ’ ஒலியில் முடிந்தால் பெரும்பாலும் யூ வகை. அவ்வார் (உடைமை) வினைக்கு வெறும் யூ, எழுத்தில் இ-யூ-டி. பூவ்வார் (இயலு) வினைக்கு ப்யூ, ஸாவ்வார் (அறி) வினைக்கு ஸ்யூ, தெவ்வார் (கடமைப்படு) வினைக்கு த்யூ. லீர், க்ர்வார் (நம்பு), கொனெத்ர் (அறிமுகம் கொள்), ரெஸெவ்வார் (பெறு), கூரீர் (ஓடு), வீவ்ர் (வாழ்) ஆகியவற்றுக்கு ல்யூ, க்ர்யூ, கொன்யூ, ரெஸ்யூ, கூர்யூ, வேக்யூ. தெவ்வாரின் எச்சத்தில் யூ எழுத்தின்மேல் தொப்பி உண்டு. பஸே ஸேம்ப்ல் ஒருமையில் அதை எடுத்துவிட வேண்டும்.

இனி விளக்கு அணையும் இடங்கள். முதல் குழு, எச்சம் ‘யூ’ என்றாலும் பஸே ஸேம்ப்ல் ஐ வகை. வாந்த்ர் (விற்பனை செய்), ஆதாந்த்ர் (காத்திரு), பெர்த்ர் (இழ), ரேபோந்த்ர் (பதில் சொல்) ஆகிய ஒழுங்கான வினைகள் எல்லாம் இதில் அடங்கும்: வாந்தி, ஆதாந்தி, பெர்தி, ரேபோந்தி. ‘ரேபோந்த்யூ’ என்று எழுதுவது எச்சத்தைப் பார்த்து ஏமாந்த பிழை. வ்வார் (பார்) வினையும் இங்கேதான்: எச்சம் வ்யூ, பஸே ஸேம்ப்ல் வி. பாத்ர் (அடி) வினைக்கு பாத்தி.

இரண்டாம் குழு, எச்சம் டி ஒன்றில் நின்று பகுதியை மறைத்துவிடும் வினைகள். ஏக்ரீர் (எழுது), கோந்துயீர் (ஓட்டு), க்ரேந்த்ர் (அஞ்சு) போன்றவை. இவற்றுக்கு எச்சத்தை விட்டுவிட்டு நிகழ்காலத் தன்மைப் பன்மையைப் பிடியுங்கள். ‘நூ ஏக்ரிவோன்’ என்பதிலிருந்து ஏக்ரிவி. ‘நூ கோந்துயிஸோன்’ என்பதிலிருந்து கோந்துயிஸி. ‘நூ க்ரேன்யோன்’ என்பதிலிருந்து க்ரேன்யி. கட்டு, அழி, வரை, அணை என்ற பொருளுள்ள வினைகளும் இதே அச்சுதான். இந்த ஒரு குறுக்குவழி ஏராளமான வினைகளைத் தீர்த்துவைக்கும்.

மூன்றாம் குழு, சட்டத்துக்கு அடங்காத சில. இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் வருவதால் சீக்கிரம் பழகிவிடும். எத்ர்: ஃப்யூ. ஃபேர் (செய்): ஃபி. நெத்ர் (பிற): நாக்கி. மூரீர் (இற): மூர்யூ. ஊவ்ரீர் (திற): ஊவ்ரி.

ஐ-என் வகையில் இருப்பவை இரண்டே குடும்பங்கள்: வெனீர், தெனீர் (பிடித்திரு). முன்னொட்டுச் சேர்ந்த பிள்ளைகளும் உடன் வரும். தெவெனீர் (ஆகு) தெவேன் ஆகும், ஒப்தெனீர் (அடை) ஒப்தேன் ஆகும். முன்னொட்டு வினைகள் தாய்வினையைப் பின்பற்றும் என்பது மற்ற வகைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்: ப்ரி தெரிந்தால் கொம்ப்ரி (புரிந்துகொண்டான்) தெரியும், மி தெரிந்தால் பெர்மி (அனுமதித்தான்) தெரியும்.

ஏ வகையின் பழக்கம் இங்கே நுழைந்தால் ‘ப்ரெனா’, ‘மெத்தா’, ‘வ்வாயா’ என்று இல்லாத வடிவங்கள் பிறக்கும். பெயர்நிலையின் ஐ-ஆர் தோற்றத்தைப் பார்த்து ‘கூரி’, ‘மூரி’, ‘வெனி’ என்று எழுதுவதும் அதே வகைப் பிழை. பிரெஞ்சுக் குழந்தைகளும் இவற்றைச் செய்வார்கள். எழுதிய வடிவத்தில் ஐயம் வந்தால், எச்சத்தைச் சொல்லிப் பாருங்கள்: ‘கூர்யூ’ என்று வாய் சொன்னால் ‘கூரி’க்கு இடமில்லை.

சில வினைகளுக்குப் பஸே ஸேம்ப்லே இல்லை. க்லோர் (மூடு), த்ரேர் (பால் கற) இரண்டும் அப்படி. த்ரேர் குடும்பத்தில் பிறந்த ‘பொழுதுபோக்கு’, ‘பிரித்தெடு’ என்ற பொருளுள்ள வினைகளுக்கும் கிடையாது. அட்டவணையில் வெற்றிடம் இருந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். எழுத்தாளர்கள் வேறு வினையைப் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள்.

ஒன்றுபோல் தோன்றும் வடிவங்கள்

ஃபினீர் போன்ற வினைகளில் நிகழ்கால ஒருமையும் பஸே ஸேம்ப்ல் ஒருமையும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. தீர் (சொல்), ரீர் (சிரி) இரண்டும் அவ்வாறே. ‘இல் தி’ என்றால் சொல்கிறானா, சொன்னானா? அந்தச் சொல்லை உற்றுப் பார்த்துப் பயனில்லை. முன்னும் பின்னும் உள்ள வினைகள் எந்தக் காலம் என்று பாருங்கள். பக்கத்தில் ‘ஆந்த்ரா’ (நுழைந்தான்) இருந்தால் இதுவும் இறந்தகாலம். பன்மையில் குழப்பம் தீர்ந்துவிடும்: ‘சொல்கிறார்கள்’ தீஸ், ‘சொன்னார்கள்’ தீர்.

‘வி’ என்பது வ்வார் வினையின் பஸே ஸேம்ப்லாகவும் இருக்கலாம், வீவ்ர் வினையின் நிகழ்காலமாகவும் இருக்கலாம். பார்த்தானா, வாழ்கிறானா என்பதை அதன் பின்னால் வரும் செயப்படுபொருள் சொல்லும். ‘ப்ள்யூ’ என்பது பிடித்திருந்தது என்றும் வரும், மழை பெய்தது என்றும் வரும்.

ஆபத்தானது வேறொன்று. படர்க்கை ஒருமையில் ஃப்யூ, யூ போன்றவற்றின் உயிரெழுத்துமேல் தொப்பி இருந்தால் அது பஸே ஸேம்ப்லே அன்று. ஸப்ஜோங்க்தீஃப் என்னும் வேறொரு வகையின் பழைய இறந்தகாலம். ஒலியில் வேறுபாடே இல்லை. எனவே நீங்கள் எழுதும்போது படர்க்கை ஒருமைக்குத் தொப்பி வேண்டாம். படிக்கும்போது தொப்பியைக் கண்டால் ‘நடந்தது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எம்பார்ஃபேயா, பஸே ஸேம்ப்லா?

வடிவம் கைவந்தபின் தேர்வு பாக்கி இருக்கிறது. வாக்கியத்தை எழுதுமுன் உங்களையே கேளுங்கள்: ‘அடுத்து என்ன நடந்தது?’ இந்தக் கேள்விக்கு விடையாக நிற்கும் வினை பஸே ஸேம்ப்ல். அப்போது சூழல் எப்படி இருந்தது, என்ன நடந்துகொண்டிருந்தது, வழக்கமாக என்ன நடக்கும் என்பவை எம்பார்ஃபே. மழை பெய்துகொண்டிருந்தது, தெரு வெறிச்சோடிக் கிடந்தது: எம்பார்ஃபே. திடீரெனக் கதவு திறந்தது: பஸே ஸேம்ப்ல், ‘ஸூவ்ரி’.

‘அவன் நுழைந்தபோது அவள் எழுந்தாள்’ என்று தமிழில் சொன்னால் இரண்டு பொருளுக்கு இடம் உண்டு. பிரெஞ்சில் விகுதியே முடிவு சொல்லிவிடும். ‘கான் இல் ஆந்த்ரா, எல் செ லெவா’ என்றால் அவன் நுழைந்தான், அதைக் கண்டு அவள் எழுந்தாள். ‘எல் செ லெவே’ என்று எம்பார்ஃபே போட்டால், அவன் நுழையும் நேரத்தில் அவள் ஏற்கெனவே எழுந்துகொண்டிருந்தாள். கதையின் போக்கே மாறுகிறது.

நீண்டகாலம் நடந்தால் எம்பார்ஃபே, சட்டென்று நடந்தால் பஸே ஸேம்ப்ல் என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருக்கும். அது தவறு. பதினான்காம் லூயி 72 ஆண்டுகள் ஆட்சி செய்தார் என்பதற்குப் பஸே ஸேம்ப்ல்தான், ‘ரேன்யா’. 1643-இல் தொடங்கி 1715-இல் முடிந்த அந்த ஆட்சியை எழுத்தாளர் வெளியே நின்று முழுமையாகப் பார்க்கிறார். எல்லை கட்டப்பட்ட காலஅளவு எவ்வளவு நீளமானாலும் பஸே ஸேம்ப்லைத் தடுக்காது.

நிலையைச் சொல்லும் வினைகள் இக்காலத்தில் வந்தால் பொருள் நகரும். மொழிபெயர்ப்பவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஸாவ்வார் எம்பார்ஃபேயில் ‘தெரிந்திருந்தது’, பஸே ஸேம்ப்லில் ‘தெரியவந்தது’. பூவ்வார் எம்பார்ஃபேயில் ‘முடியும் என்ற நிலை இருந்தது’, பஸே ஸேம்ப்லில் ‘ஒருவழியாக முடிந்தது’. அவ்வார் இருபது வயதோடு வந்தால் எம்பார்ஃபேயில் ‘இருபது வயதாக இருந்தான்’, பஸே ஸேம்ப்லில் ‘இருபது நிறைந்தது’. அகராதிப் பொருளை மட்டும் ஒட்டினால் கதையின் திருப்பம் கைநழுவிவிடும்.

உரையாடலை ஒட்டி

நாவலில் பாத்திரங்கள் பேசும் வரிகளுக்குள் பஸே ஸேம்ப்ல் பொதுவாக வராது. அவர்கள் சாதாரண மனிதர்களைப்போல் பஸே கொம்போஸேயிலும் நிகழ்காலத்திலும் பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் வரும் ‘என்றான்’, ‘என்று கேட்டாள்’ என்பவையே பஸே ஸேம்ப்ல். அங்கே வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் போகும். ‘தித்-இல்’, ‘ரேபோந்தித்-எல்’ என்று டி உயிர்பெற்று ஒலிக்கும். ஏ வகையில் டி இல்லாததால் நடுவே ஒன்றைச் செருக வேண்டும்: ‘தெமாந்தா-த்-இல்’. அந்த டி-யின் இருபுறமும் சிறு கோடுகள். மேற்கோள் காற்புள்ளி அல்ல.

‘அவன் முடித்ததும் புறப்பட்டான்’ என்பதில் முடித்தது முந்தையது. அதற்குத் துணைவினையைப் பஸே ஸேம்ப்லில் வைத்து எச்சத்தைச் சேர்ப்பார்கள்: ‘தே கில் யூ ஃபினி, இல் பார்த்தி’. இதன் பெயர் பஸே ஆன்தேரியர். ‘உடனே’, ‘...தும்’, ‘பிறகு’ என்ற பொருளுள்ள இணைப்புச் சொற்களுக்குப் பின்னால் இதைத் தேடுங்கள்.

பயிற்சி

எந்த நூலில் தொடங்குவது? அல்பேர் காம்யூவின் 1942-ஆம் ஆண்டு நாவலான ‘அந்நியன்’ நடை எளிது என்று பலர் அதை எடுப்பார்கள். ஆனால் அதன் கதைசொல்லி வேண்டுமென்றே பஸே கொம்போஸேயில் பேசுகிறான். நமது பயிற்சிக்கு அது ஆகாது. குழந்தைகளுக்கான தேவதைக் கதைகளும் சுருக்கமான வாழ்க்கை வரலாறுகளும் மேல். இரண்டு பக்கம் எடுங்கள். பஸே ஸேம்ப்ல் வினை ஒவ்வொன்றையும் பென்சிலால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் அதன் பெயர்நிலையையும் ஏ, ஐ, யூ, ஐ-என் என்ற வகையையும் குறியுங்கள். அகராதி இரண்டாம் சுற்றில்தான். மூன்றாம் சுற்றில் அதே பத்தியைப் பஸே கொம்போஸேக்கு மாற்றி எழுதுங்கள். நான்காவதில் மூலத்தைப் பார்க்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே எழுத்தில் இரண்டு காலங்களையும் கலந்து கதை சொல்லாதீர்கள். தேர்வுத் தாள்களில் மதிப்பெண் இழக்கும் இடம் அது.

தொடக்கத்தில் பார்த்த வரலாற்றையே முதல் பயிற்சியாகக் கொள்ளலாம். கீழே அடைப்பில் பெயர்நிலை மட்டும் இருக்கிறது. வடிவத்தை நீங்கள் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள்.

டூப்ளே 1697-இல் லாந்த்ரெஸியில் (நெத்ர்). 1741-இல் ழான் ஆல்பேரை (எபூஸே). 1742-இல் பாண்டிச்சேரியின் ஆளுநர் (தெவெனீர்). 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸை (ப்ராந்த்ர்). 1748-இல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை (ஆஸியேஜே), ஆனால் அதைப் பிடிக்க (பூவ்வார், எதிர்மறை). டூப்ளே 1754-இல் இந்தியாவை (கித்தே), 1763-இல் பாரிஸில் (மூரீர்).

விடை: நாக்கி, எபூஸா, தெவேன், ப்ரீர், ஆஸியேஜேர், ப்யூர், கித்தா, மூர்யூ. ஆஸியேஜேர் என்பதில் ஜி-க்குப் பின் கூடுதல் இ போட்டிருந்தால் ஏ வகைப் பகுதியை மறுபடி பாருங்கள். பிறந்தது, ஆனது, இறந்தது ஆகிய மூன்றும் பஸே கொம்போஸேக்குத் திரும்பும்போது எத்ர் துணைவினையை எடுக்கும், மற்ற ஐந்தும் அவ்வாரை.